ஐஸ்கட்டிக்குள் எழுதியது யார்?

கேள்வி: 1971-இல் 'டைம்' இதழின் பின்னட்டையில் வந்த கில்பீஸ் ஜின் விளம்பரத்தில், ஐஸ்கட்டிகளுக்குள் 'செக்ஸ்' என்ற சொல் ஒளிந்திருந்ததாமே? இப்படி ஒளித்துவைத்தால் நம்மை அறியாமலே வாங்கிவிடுவோமா? தங்கள் இதழின் விளம்பரங்களிலும் இது உண்டா?

பதில்: ஐஸ்கட்டியைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று நெடுநாள் காத்திருந்தேன். கனடாவில் இதழியல் கற்பித்த வில்சன் பிரையன் கீ, 1973-இல் வெளியிட்ட நூலில், அந்தக் கோப்பையில் கட்டிக்கு ஓர் எழுத்தாக மூன்று ஆங்கில எழுத்துகளைக் கண்டதோடு நில்லாமல், பாட்டிலின் பிரதிபலிப்பில் மனித உருவங்களையும் கண்டார். படத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் காட்டியதாகவும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கிளர்ச்சியுற்றதாகவும் எழுதினார். எழுத்துகள் இல்லாத அதே படத்தை வேறொரு கூட்டத்துக்குக் காட்டி ஒப்பிட்டாரா என்றால், இல்லை. குளிர்ந்த ஜின்னைப் பார்த்தே சிலருக்குக் கிளர்ச்சி வரும் என்பது பேராசிரியருக்குத் தோன்றவில்லை போலும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். படப்பிடிப்பு விளக்குகளின் சூட்டில் உண்மையான ஐஸ் நிமிடங்களில் உருகி, கோப்பையில் தண்ணீர்தான் மிஞ்சும்; எனவே பான விளம்பரங்களில் பெரும்பாலும் கோப்பைக்குள் கிடப்பது அக்ரிலிக் கட்டி, பாட்டிலின் மேல் முத்துமுத்தாக நிற்பது கிளிசரின் கலந்து தெளித்த நீர். கணினி வருவதற்கு முன்பு, இதற்கும் மேல் ஓவியர் ஒருவர் மெல்லிய தூரிகையால் ஒளியையும் நிழலையும் தீட்டிக் கொடுப்பார். குடிக்க முடியாத ஐஸையும் ஆவியாகாத பனித்துளியையும் முழுப் பக்கத்துக்கு நம் கண்முன் வைக்கிறார்கள். நாமோ அதை அப்படியே நம்பிவிட்டு, உள்ளே எழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியோடு குனிகிறோம். கவிதையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எழுதாததை மட்டுமே படிக்கும் நம் விமர்சகர்கள் சிலரோடு எனக்குள்ள பழைய வழக்கும் இதுதான். அவர்களை ஜின் கோப்பைக்கு அருகே விட்டால் ஒரு காவியமே தேறும்.

வாங்கிவிடுவோமா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. ஜேம்ஸ் விக்கரி என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர், திரைப்படத்தின் நடுவே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் 'கோகோ கோலா குடியுங்கள்' என்று காட்டி விற்பனையைக் கூட்டியதாக 1957-இல் அறிவித்து உலகைக் கலக்கினார். 1962-இல், அது தொழிலைத் தூக்கிநிறுத்தச் செய்த வித்தை என்று அவரே ஒப்புக்கொண்டார். முதற்செய்தி பரவிய வேகத்தில் இரண்டாவது பரவவில்லை. பின்னாளில் அப்சலூட் வோட்கா நிறுவனம், ஐஸ்கட்டிகளுக்குள் தன் பெயரையே எழுதிக் கீயின் ஆராய்ச்சியை ஒரு நகைச்சுவை விளம்பரமாக மாற்றிக்கொண்டது. ஆக, எழுத்து தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் லாபம் மதுக்காரருக்கே.

நம் நாட்டில் இவ்வளவு சிரமம் கிடையாது. மது விளம்பரத்துக்குத் தொலைக்காட்சியில் தடை இருப்பதால், அதே பெயரில், அதே எழுத்துருவில் சோடாவை விளம்பரம் செய்கிறார்கள். அந்தச் சோடாவைத் தேடி எந்தப் பெட்டிக்கடையிலும் யாரும் நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் விளம்பரத்தின் பொருள் பள்ளிச் சிறுவனுக்கும் விளங்குகிறது.

எங்கள் இதழின் பின்னட்டையைக் கேட்டீர்கள். அச்சுக்குப் போகும் நள்ளிரவில் வந்துசேரும் அந்தப் படத்தில் மறைபொருள் தேட எங்களுக்கு நேரம் இருப்பதில்லை. எங்கள் கணக்காளர் மட்டும், அதற்கான காசோலை எங்கே மறைந்திருக்கிறது என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கிறார்.