பாதியில் மூடிய பேய்வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேய்வீட்டு நாவல் ஒன்றை இரவில் தனியாக வாசித்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசியில் மாடியறைக் கதவு தானாகத் திறக்கிறது. பயந்துபோய் மூடிவைத்துவிட்டேன். அன்று தூக்கமே இல்லை. மறுநாள் பகலில் மீதியைப் படித்தால் சப்பென்று இருந்தது. இவ்வகைக் கதைகளை எப்படித்தான் வாசிப்பது?

ம.

அன்புள்ள ம.,

வாசித்த நேரத்தில் தவறில்லை, மூடிய இடம்தான் தவறு. பேய்வீட்டுக் கதையின் உயிர் தாமதத்தில் இருக்கிறது. கதவு திறக்கும், உள்ளே என்னவென்று தெரியாது, அத்தியாயம் முடிந்துவிடும். அங்கே நிறுத்தினால் உள்ளே இருப்பதை உங்கள் மனம் விடியவிடிய எழுதிக்கொண்டிருக்கும். எந்த எழுத்தாளரும் அவ்வளவு கொடூரமாக எழுதிவிட முடியாது. அடுத்த அத்தியாயத்திலும் சில பக்கங்கள் படித்துவிடுங்கள். கதையில் பொழுது விடியும், இரண்டு பேர் உட்கார்ந்து நடந்ததைப் பேசுவார்கள். நிறுத்த வேண்டிய இடம் அது.

பகலில் சப்பென்று ஆனதற்கும் இதுவே காரணம். ஒரே அமர்வில் முடிக்க முடியாத படைப்பில் உலக விவகாரங்கள் குறுக்கிட்டு அதன் முழுமையைக் குலைத்துவிடும் என்று அமெரிக்கத் திகில்கதை எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846இல் எழுதினார். ஓர் இரவுக்குச் சிறுகதையோ குறுநாவலோதான் பொருத்தம். பத்து நிமிடத்தில் எத்தனை பக்கம் ஓடுகிறது என்று பகலிலேயே பார்த்துவைத்தால், தூக்கம் வருவதற்குள் முடியுமா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது விளக்கு. பலரும் பக்கத்தின் மேல் மட்டும் ஒரு மேசைவிளக்கை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடுகிறார்கள். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெளிச்சமான தாளையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது நடப்பதில்லை. நிமிர்ந்தால் மூலையெல்லாம் கறுப்பு. இன்னொன்றும் உண்டு. மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் கிடையாது, சுற்றிலும்தான் இருக்கின்றன. அரையிருட்டில் நாற்காலியில் தொங்கும் சட்டை கடைக்கண்ணுக்கு யாரோ நிற்பதுபோலப் படும், திரும்பி நேராக உற்றுப்பார்த்தால் கரைந்துபோகும். அந்த ஒரு கணத்துக்குப் பின் எவ்வளவு நல்ல வாக்கியமும் மனதில் ஏறாது. உங்கள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு சிறிய பல்பு எரியட்டும், சுவர்கள் தெரிகிற அளவுக்கு. அறை முழுக்க டியூப்லைட் போட்டால் கதை செத்துவிடும்.

சுவரில் சாய்ந்து, வாசல் கண்ணில் படும்படி உட்காருங்கள். தொடங்குமுன் ஐந்து நிமிடம் சும்மா இருந்து வீட்டைக் கேளுங்கள். இரவில் சூடு இறங்கும்போது மரமும் தகரமும் சுருங்கி, இணைப்புகளில் 'டக்' என்று விடுபடும். ஃபிரிட்ஜ் மோட்டார் நிற்கும்போது ஒரு குலுங்கல். இப்படிப்பட்ட சத்தங்கள் பகலிலும் உண்டு, மற்ற இரைச்சலில் அமுங்கிவிடுகின்றன. முன்பே ஒருமுறை அடையாளம் கண்டுவைத்த சத்தம் நடுக்கதையில் உங்களை எழுப்பாது. ஹெட்ஃபோன் வேண்டாம். காது அடைபட்டால் முதுகு விழித்துக்கொள்ளும்.

முடித்த உடனே விளக்கை அணைத்துப் படுக்காதீர்கள். நெஞ்சு படபடப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது என்று கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

அந்த நாவலை இன்னொரு இரவு எட்டாம் அத்தியாயத்திலிருந்து எடுங்கள். முடிவு தெரிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். அந்த மாடியறைக் கதவை ஆசிரியர் எத்தனை பக்கம் முன்னாலிருந்தே கண்ணில் காட்டிக் காட்டி மறைத்து வந்திருக்கிறார் என்பது இந்த முறைதான் தெரியும்.