சிறு ஆர்என்ஏ லைப்ரரியில் வெறும் அடாப்டர் டைமராகவே வருகிறது, கிட் சரியில்லையா?

அடுத்த கிட்டுக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

சிஎச்ஓ செல்லில் (சீன வெள்ளெலியின் சூலகச் செல்) ஆர்என்ஏ எடுத்தேன், ஆர்என்ஏ சிதையாமல் இருக்கிறதா என்று காட்டும் ஆர்ஐஎன் எண் 9-க்கு மேல், அளவும் தாராளம், ஆனால் லைப்ரரியை (வரிசை படிக்கத் தயாராக்கிய துணுக்குத் தொகுப்பை) ஜெல்லில் ஓட்டினால் 120 எழுத்து நீளத்தில் தடித்த பட்டை மட்டும் தெரிகிறது, மைக்ரோ ஆர்என்ஏ நிற்க வேண்டிய 140-150 பக்கம் காலி என்று எழுதியிருக்கிறீர்கள். இதே ஜெல் படம் என்னிடமும் இருக்கிறது. வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு சின்ன லேபில் பிஎச்டி செய்தபோது எடுத்தது. அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் சோதனையில் ஆறு ஃப்ளாஸ்க். மூன்று 37 டிகிரியில், மூன்றை மூன்றாம் நாள் 33-க்கு இறக்கினேன். குளிரில் சிஎச்ஓ பெருகுவது குறைந்து, பல லைன்களில் செல் ஒன்றுக்கு வரும் ஆன்டிபாடி கூடும், அது உங்களுக்கே தெரியும். அப்போது எந்த மைக்ரோ ஆர்என்ஏ ஏறுகிறது, எது இறங்குகிறது என்பதுதான் என் கேள்வி. ஏறக்குறைய 22 எழுத்துள்ள ஒரு துணுக்கு நூற்றுக்கணக்கான ஜீன்களை ஒரே நேரத்தில் அடக்கும், அதுவே புரதமாக மாறாது, ஆகவே மருந்துப் புரதம் செய்துகொண்டிருக்கும் செல்லுக்குக் கூடுதல் சுமையும் இல்லை. என் அத்தை மகனுக்கு ஹீமோபிலியா, இரத்தம் சரியாக உறையாத நோய். அவனுக்குப் போடுகிற ஃபேக்டர் எட்டு போன்ற மருந்தை இந்த வெள்ளெலிச் சூலகச் செல்லிலேயே செய்ய முடிகிறது, 1992-லேயே அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு லிட்டரில் கொஞ்சம் கூடுதலாக விளைந்தாலும் அது எங்கள் வீட்டு விஷயம் என்ற நினைப்பில்தான் நான் அந்த வேலைக்கே போனேன்.

சரி, தப்பு எங்கே நடந்தது? நான் ஆர்என்ஏ எடுத்தது லேபில் எல்லோரும் பயன்படுத்தும் சாதாரண ஸ்பின் கிட்டில். அதன் சிலிக்கா சவ்வில் 200 எழுத்துக்கு மேல் உள்ளதுதான் ஒட்டும். சின்னதும் ஒட்ட வேண்டுமானால் எத்தனால் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். சாதாரண முறையில் 70 சதவீத எத்தனால் ஒரு பங்கு, சிறு ஆர்என்ஏவுக்கு என்றால் சுத்த எத்தனால் ஒன்றரைப் பங்கு. நான் ஒரு பங்குதான் ஊற்றினேன். எனக்கு வேண்டிய மைக்ரோ ஆர்என்ஏ சவ்வு வழியே இறங்கி அடியிலிருந்த குழாய்க்குப் போயிற்று, அதை ஆறு முறையும் கழிவுப் புட்டியில் கொட்டினேன். மேலே மிச்சம் இருந்தது ரைபோசோம் ஆர்என்ஏ. ஆர்ஐஎன் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, அதனால் 9.8 என்று காட்டியது. அந்த எண் மைக்ரோ ஆர்என்ஏ இருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லாது.

அப்புறம் ஒட்டுவதற்குத் துணுக்கே இல்லாதபோது, அதன் இரு முனையிலும் ஒட்ட வேண்டிய 3' அடாப்டரும் 5' அடாப்டரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? அந்த ஜோடிதான் டைமர், அதுதான் உங்கள் 120 பட்டை. இரவு பத்தரைக்கு ஜெல் மேசையில் நீல வெளிச்சத்தைப் போட்டு, மூக்கு ஜெல்லில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். ஒரே ஒரு லேனில் மட்டும் டைமருக்கு அரை விரற்கடை மேலே, கண் சிமிட்டினால் காணாமல் போகிற ஒரு கோடு. பிளேடால் அதை வெட்டி எடுத்தேன். அதை வரிசை படிக்க அனுப்பி வந்த ரீட்களில் (படித்த வரிசைகளில்) பாதிக்கு மேல் டைமர்தான்.

இங்கே யாராவது வந்து, ட்ரைசால் என்ற திரவத்தைப் போட்டு ஆர்என்ஏ எடுத்திருந்தால் இந்தப் பிரச்சனையே இல்லை என்பார்கள். செல் குறைவாக இருந்தால் ட்ரைசாலிலும் ஜி, சி எழுத்துகள் குறைந்த சில மைக்ரோ ஆர்என்ஏக்கள் கைநழுவும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடாப்டரை ஒட்டும் என்சைமான லைகேசுக்கே சில துணுக்குகள் மேல் பிரியம் உண்டு என்பதும் உண்மை, அதற்குத்தான் அடாப்டர் முனையில் நான்கு எழுத்தைக் கலந்துகட்டி வைத்த கிட்கள் வந்தன. ஆனால் உங்கள் ஜெல்லில் தெரிவது அந்தப் பிரச்சனை இல்லை. நான் எந்த கிட் கம்பெனிக்கும் பரிந்து பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். எத்தனாலைச் சரி செய்து மறுபடி ஆறு ஃப்ளாஸ்க் வைத்தேன், ரீட்களின் நீள வரைபடம் 22-இல் அழகாகக் கூம்பி வந்தது, ஆனால் 33-க்கும் 37-க்கும் வித்தியாசமே இல்லை. அது அக்னி நட்சத்திரம், வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். மின்சாரச் செலவைக் குறைக்கச் சொல்லி மேலே இருந்து உத்தரவு, இரவு ஒன்பதுக்கு வாட்ச்மேன் அண்ணன் லேப் ஏசியை அணைத்துவிட்டுப் போவார். எங்கள் இன்குபேட்டரில் ஹீட்டர் மட்டும்தான், குளிர்விக்கத் தெரியாது, சுற்றியுள்ள அறையைவிட நாலைந்து டிகிரி கூட வைத்தால்தான் சொன்ன சூட்டில் நிற்கும். இரண்டு இரவு உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்தேன். அறை 34, பெட்டிக்குள் 36. காலையில் ஏசி போட்டபின் நான் போகும்போது மறுபடி 33 காட்டும். அண்ணன் மேல் தப்பில்லை. எழுதிக் கொடுத்தேன், நேரில் போய் நின்றேன், செல்லுக்கு எதற்கம்மா ஏசி என்று கேட்டார்கள். எட்டு மாத வேலை. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கிட் தாளில் எத்தனால் எவ்வளவு என்று பாருங்கள். ரீட் ஏற்கெனவே கையில் இருந்தால் அடாப்டரை வெட்டிவிட்டு நீள வரைபடம் போடுங்கள், 22-இல் மேடு இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் செய்யாதீர்கள். மேடு இருந்தால், எலியின் பட்டியலோடு ஒப்பிடாமல், மைக்ரோ ஆர்என்ஏ தரவுத்தளமான மிர்பேஸில் சிஜிஆர் என்று தொடங்கும் சீன வெள்ளெலியின் பட்டியலையே எடுங்கள். சிஎச்ஓ கே1-இன் ஜீனோம் 2011-லேயே வந்துவிட்டது, இனியும் எலியைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஒன்று கேட்கிறேன், சவ்வு வழியே இறங்கிய அந்தத் திரவத்தைக் கொட்டிவிட்டீர்களா, இல்லை மைனஸ் 80-இல் இருக்கிறதா? இருந்தால் எத்தனால் இன்னும் சேர்த்து வேறொரு புது ஸ்பின் குழாயில் ஏற்றுங்கள், சிறு ஆர்என்ஏ அதில்தான் இருக்கும். ஃப்ளாஸ்க்கை மறுபடி வளர்க்க வேண்டியிருக்காது.