அமெரிக்கக் கட்சிகள் வாக்காளரிடம் பேசும் விதம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பென்சில்வேனியாவுக்கு நான் குடிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து எங்கள் பகுதி வாக்குச்சாவடியில் ஒவ்வொரு தேர்தலிலும் பணியாற்றி வருகிறேன். கட்சிகள் என்ன சொல்கின்றன, அதை யாரிடம் சொல்கின்றன என்று கவனிப்பது அப்படியே பழக்கமாகிவிட்டது. நான் யாருக்கு வாக்களித்தேன் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சாவடியில் உட்காருகிறவள் அதைச் சொல்வது முறையல்ல. மற்ற கேள்விகளுக்கு வருகிறேன்.

மதுரை, கல்லூரி மாணவி: அக்கா, அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்கள் இருக்கும்போது உங்கள் மாநிலத்தைப் பற்றியே ஏன் இவ்வளவு பேச்சு?

அதிபரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்ட 538 தேர்வாளர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 270 பேர் கிடைத்தால் வெற்றி. 48 மாநிலங்களில் ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்விடுவார்கள். கலிஃபோர்னியா எந்தப் பக்கம் போகும் என்பது முன்பே தெரிந்த விஷயம். அங்கே பிரசாரத்துக்குச் செலவழிப்பது வீண். எங்கள் மாநிலத்தின் 19 பேர் எந்தப் பக்கம் என்பது கடைசி வரை தெரியாது. 2016இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதல் வாக்கு வாங்கியும் தோற்றார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றையும் சேர்த்து எண்பதாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் முடிவு மாறியது.

இது எங்கள் வீட்டுத் தபால்பெட்டியிலேயே தெரியும். 2024 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பதினொரு பிரசார அட்டைகள் வந்தன. தடித்த, வழவழப்பான, பெரிய அட்டைகள். என் பெயருக்கு வந்தது மருந்து விலையைப் பற்றியது. முதல் முறை வாக்களிக்கப் போகும் மகனுக்குக் கல்விக் கடன். கணவருக்குப் பெட்ரோல் விலையும் எங்கள் மாநிலத்தின் எரிவாயுக் கிணறுகளும். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று தேர்தல் நடந்ததுபோல இருந்தது. எங்கள் வயது என்ன, எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறோம், எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தோம் என்பதெல்லாம் வாக்காளர் பதிவேட்டில் உள்ளன. கட்சிகள் அதை வாங்கிக்கொள்ளலாம். யாருக்கு வாக்களித்தோம் என்பது மட்டும் அதில் இருக்காது.

திருச்சி, ஆசிரியர்: ஒரு சொல்லை மாற்றினால் மக்கள் மனம் மாறிவிடுமா அம்மா? எனக்கு நம்பிக்கை இல்லை.

மாறாது. ஏற்கெனவே மனத்தில் இருப்பதைச் சொல் எழுப்பிவிடும். இந்த வேறுபாடுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரும் சொத்து விட்டு இறப்பவர்களின் சொத்துமீது 1916 முதல் அமெரிக்காவில் ஒரு வரி உண்டு. சட்டத்தில் அதன் பெயர் 'எஸ்டேட் வரி'. இறப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அதைக் கட்டுவதில்லை. 2024இல் ஒருவர் 1 கோடியே 36 லட்சம் டாலர் வரை வரியில்லாமல் விட்டுச் செல்ல முடிந்தது. 1990களில் குடியரசுக் கட்சியினர் அதை 'சாவு வரி' என்று அழைக்கத் தொடங்கினார்கள். கருத்துக்கணிப்பாளர் ஃபிராங்க் லுன்ட்ஸ் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தச் சொன்னார். 'எஸ்டேட்' என்று கேட்டால் யாரோ ஒரு பணக்காரரின் மாளிகை கண்ணில் தெரியும். 'சாவு' என்று கேட்டால் நம் வீட்டு இழவு நினைவுக்கு வரும். இழவு வீட்டு வாசலில் வரி வசூலிப்பவன் வந்து நிற்பதாக யாருக்குத்தான் கோபம் வராது? 2001இல் அந்த வரியைப் படிப்படியாகக் குறைத்து 2010ஆம் ஆண்டுக்கு மட்டும் அடியோடு நீக்கும் சட்டம் வந்தது. தங்களுக்கு அந்த வரி ஒருநாளும் வராது என்ற நிலையில் இருந்தவர்களும் அதை எதிர்த்தார்கள்.

ஜனநாயகக் கட்சியினர் புள்ளிவிவரத்தை எடுத்து நீட்டினார்கள். எண்கள் சரியானவை. ஆனால் அப்பா உழுத நிலம் பிள்ளைக்குப் போக வேண்டும் என்ற ஆசைக்கு எண்ணிடம் பதில் இல்லை. அந்த ஆசையை லுன்ட்ஸ் உண்டாக்கவில்லை, அது அங்கேயே இருந்தது. அதற்குப் பொருந்தும் சொல்லை அவர் கண்டுபிடித்தார்.

டொராண்டோ வாசகர்: ஜனநாயகக் கட்சியினருக்கு இந்தக் கலை வராதா?

வரும், எதிரில் இருப்பவரின் மொழியில் பேசும்போது. கான்சாஸில் 2022இல் நடந்ததைப் பாருங்கள். டிரம்ப் 2020இல் ஏறக்குறைய 15 சதவீத வித்தியாசத்தில் வென்ற மாநிலம் அது. கருக்கலைப்பு உரிமைக்கு நாடு தழுவிய பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஜூன் 24 அன்று தீர்ப்பளித்தது. ஆறு வாரத்துக்குள், ஆகஸ்ட் 2 அன்று, கான்சாஸ் மாநில அரசியல் சாசனத்திலிருந்தும் அந்தப் பாதுகாப்பை நீக்கலாமா என்று வாக்கெடுப்பு. நீக்கக் கூடாது என்ற தரப்பு கட்சியின் வழக்கமான முழக்கங்களைப் பெரிதும் ஒதுக்கிவைத்தது. 'இன்னொரு அரசாங்கக் கட்டாயம் நமக்கு வேண்டாம்' என்றது. கொரோனா காலத்தில் முகக்கவச உத்தரவை எதிர்த்துப் பழமைவாதிகள் சொன்ன அதே 'கட்டாயம்'. சுமார் 59 சதவீதம் பேர் நீக்கக் கூடாது என்று வாக்களித்தார்கள். வாக்காளர் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளாமலேயே 'வேண்டாம்' என்று சொல்ல அந்தச் சொல் இடம் கொடுத்தது.

இதற்கு நேர்மாறானது 2020இல் எழுந்த 'போலீஸுக்கு நிதியை நிறுத்து' என்ற முழக்கம். கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட வேதனையில் தெருவில் எழுந்த குரல் அது. அந்த வேதனை உண்மையானது. ஆனால் அதைச் சொன்னவர்களில் பலர், மனநல உதவிக்குப் போலீஸுக்குப் பதில் மனநலப் பணியாளரை அனுப்புங்கள் என்பதுபோன்ற மாற்றங்களைத்தான் கேட்டார்கள். ஒரு முழக்கத்துக்குப் பின்னால் பத்து நிமிட விளக்கம் தேவைப்பட்டால் அந்த முழக்கம் எதிராளியின் கையில் இருக்கிறது என்று பொருள். தனக்கு அதில் உடன்பாடில்லை என்று பைடனே சொன்னார். கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டக் காலத்திலிருந்து களத்தில் இருந்த, அதே கட்சியின் மூத்த தலைவர் ஜிம் கிளைபர்னும் எச்சரித்தார். பைடன் வென்ற அதே தேர்தலில் அவருடைய கட்சி பிரதிநிதிகள் சபையில் பத்துக்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது. அந்த முழக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். காரணங்களில் ஒன்று என்று அக்கட்சியினரே வாதிட்டார்கள்.

யாழ்ப்பாணம் வாசகர்: 'பொருளாதாரம்தான், முட்டாளே' என்பது பில் கிளின்டனின் தேர்தல் முழக்கமா?

இல்லை. அது வாக்காளருக்காக எழுதப்பட்டதே அல்ல. 1992இல் லிட்டில் ராக் நகரப் பிரசார அலுவலகத்தில் கிளின்டனின் பிரசார ஆலோசகர் ஜேம்ஸ் கார்வில் தம் ஊழியர்களுக்காக எழுதி மாட்டிய மூன்று வரிகளில் நடுவரி அது. மாற்றமா, பழையபடியேவா என்பது முதல் வரி. மருத்துவ வசதியை மறக்காதே என்பது மூன்றாவது. தினம் ஒரு பரபரப்பின் பின்னால் ஓடும் சொந்த ஆட்களைப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை.

சென்னை, வழக்கறிஞர்: ஒபாமாகேர் விவகாரத்தில் யார் பிரசாரம் வென்றது, மேடம்?

முதலில் ஒருவர், பிறகு மற்றவர். 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட அந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்ப்பவர்கள் 'ஒபாமாகேர்' என்று இகழ்ச்சியாக அழைத்தார்கள். எந்த முதியவருக்குச் சிகிச்சை தரலாம் என்று அதிகாரிகள் குழு முடிவு செய்யும் என்று, சட்டம் வருவதற்கு முன்பே 2009இல், குடியரசுக் கட்சியின் சாரா பேலின் எழுதினார். அது பொய். ஆனாலும் பரவியது. 2010 நவம்பரில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. ஒபாமா தரப்பிலும் பெரிய தவறு உண்டு. பிடித்த காப்பீட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று திரும்பத் திரும்ப வாக்குறுதி கொடுத்தார். 2013இல் பல லட்சம் பேருக்குக் காப்பீடு ரத்தாகிறது என்ற கடிதம் வந்தது. அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

கென்டக்கி மாநிலத்தில் அதே சட்டத்தின்படி காப்பீடு வாங்கும் சந்தைக்கு 'கைனெக்ட்' என்று பெயர் வைத்தார்கள். ஒபாமாகேர் மோசம் என்று சொன்ன மக்களிடம் கைனெக்டுக்கு நல்ல பெயர் இருந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது. எந்தச் சட்டம் தன் குழந்தையின் மருந்துச் செலவைத் தாங்குகிறது என்று ஒரு தாய்க்குத் தெரியாமலே போகும் அளவுக்குப் பெயர்கள் மறைத்துவிட்டன.

பிறகு காற்று திசை மாறியது. 2017 ஜூலை 28 அதிகாலை செனட்டில் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்னே கட்டைவிரலைக் கீழே காட்டினார். சட்டத்தை நீக்கும் முயற்சி 49க்கு 51 என்று தோற்றது. அடுத்த ஆண்டு ஜனநாயகக் கட்சியினர் சட்டத்தின் பெயரை அதிகம் சொல்லவில்லை. 'ஏற்கெனவே நோய் உள்ளவருக்குக் காப்பீடு மறுக்கப்பட வேண்டுமா?' என்ற ஒன்றையே கேட்டார்கள். பிரதிநிதிகள் சபையில் சுமார் 40 இடங்களைக் கைப்பற்றினார்கள். வரப்போவதைக் காட்டி 2010இல் பயமுறுத்த முடிந்தது. 2018இல் அது கையில் இருந்தது, இழக்கப்போவது எது என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது.

சிங்கப்பூர் வாசகர்: எதிராளியைத் தாக்கும் விளம்பரங்கள் உண்மையில் பலன் தருகின்றனவா?

1964 செப்டம்பர் 7 அன்று அதிபர் லிண்டன் ஜான்சனுக்காக ஒரே ஒருமுறை ஒளிபரப்பான விளம்பரம் இன்றும் பேசப்படுகிறது. ஒரு சிறுமி பூவிதழ்களைப் பிய்த்துக் கொண்டே எண்ணுகிறாள், எண்களை மாற்றி மாற்றிச் சொல்கிறாள். திடீரென்று ஒரு ஆணின் குரல் பத்திலிருந்து கீழே எண்ணுகிறது. அவள் கண்ணுக்குள் கேமரா போகிறது, அணுகுண்டு வெடிக்கிறது. எதிர்வேட்பாளர் கோல்ட்வாட்டரின் பெயர் எங்குமே வராது. வரத் தேவையும் இல்லை, அணு ஆயுதத்தைப் பற்றி அவர் பேசியிருந்த பேச்சு மக்களுக்கு நினைவிருந்தது.

1988இல் வில்லி ஹார்ட்டன் விளம்பரத்தை அந்த வரிசையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. விடுப்பில் வெளியே வந்த கைதி ஒருவர் செய்த கொடூரத்தை, அவருடைய கறுப்பு முகத்தைக் காட்டி, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் ஆளுநராக இருந்த மாநிலத்தின் குற்றமாக்கினார்கள். விளம்பரத்தை எடுத்தது எதிர்வேட்பாளர் மூத்த புஷ்ஷை ஆதரித்த ஒரு தனி அமைப்பு. ஆனால் அதே கதையைப் புஷ்ஷின் பிரசாரக் குழுவும் ஊர் ஊராகச் சொன்னது. குழுவை நடத்திய லீ அட்வாட்டர், மரணப் படுக்கையில் டுகாகிஸிடம் மன்னிப்புக் கேட்டார். பலன் தந்ததா என்றால் தந்தது. அதனாலேயே அது பெரும் கேடு.

கோவை வாசகி: கமலா ஹாரிஸ் 'சித்தி' என்று சொன்னது தமிழர் வாக்குக்காகவா? 2024இல் அவர் ஏன் தோற்றார்?

2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது, தன் குடும்பம் யார் யார் என்று சொல்லிக்கொண்டு வந்த வரிசையில் 'சித்திகள்' என்றார். விளக்கம் சொல்லவில்லை. அதுதான் அதன் அழகு. புரிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். என் மாமியார் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

2024இல் அந்த அன்பு போதவில்லை. 2022 ஜூனில் விலைவாசி உயர்வு 9.1 சதவீதத்தைத் தொட்டது. பிறகு வேகம் குறைந்தது, ஆனால் ஏறிய விலை இறங்கவில்லை. ஒவ்வொரு வாரமும் கடையில் அதைப் பார்த்தவர்களிடம் வளர்ச்சிக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை. அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பைடனிலிருந்து எதை மாற்றிச் செய்திருப்பீர்கள் என்று கேட்டபோது, எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார். எதிரணி அந்தப் பதிலை அப்படியே விளம்பரமாக்கியது. 312க்கு 226 என்று தோற்றார், ஊசலாடும் ஏழு மாநிலங்களும் டிரம்புக்கே போயின.

ஈரோடு வாசகர்: டிப்ஸுக்கு வரியில்லை என்றார்களே, நடந்ததா?

ஓரளவு. டிரம்ப் 2024 ஜூனில் லாஸ் வேகஸில் அறிவித்தார். ஆகஸ்டில் அதே ஊரில் ஹாரிஸும் அதையே அறிவித்தார். 2025 ஜூலை 4 சட்டத்தின்படி ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், 2028 வரை மட்டும். சமூகப் பாதுகாப்புக்கான பிடித்தம் தொடர்கிறது.

நெல்லை வாசகர்: பேச்சு ஏன் இவ்வளவு கடுமையாகிவிட்டது?

பெரும்பாலான பிரதிநிதிகள் சபைத் தொகுதிகள் ஒரு கட்சியின் கோட்டைகள். அங்கே நவம்பர் தேர்தலுக்குப் பயமில்லை. உட்கட்சித் தேர்தலில் தன்னைவிடத் தீவிரமானவர் எதிர்த்து நின்றுவிடுவாரோ என்றுதான் பயம். அந்தத் தேர்தலுக்கு வருபவர்கள் குறைவு, வருபவர்கள் கொள்கைப் பிடிப்பு மிகுந்தவர்கள். அவர்களுக்கு ஏற்றபடி பேச்சு அமைகிறது. 2025இல் டெக்சஸ் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதிகளை மாற்றி வரைந்தது. கலிஃபோர்னியா ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாகப் பதிலடி கொடுத்தது. கோட்டைகள் கூடக்கூடப் பேச்சும் கடுமையாகும் என்பதுதான் என் கவலை.

மதுரை மாணவி (மறுபடியும்): அக்கா, அந்தத் தபால் அட்டைகளை வைத்திருக்கிறீர்களா?

வைத்திருக்கிறேன், ஒரு செருப்புப் பெட்டி நிறைய. அட்டையில் படத்தைப் பார்ப்பதற்கு முன் அடியில் உள்ள மிகச் சிறிய எழுத்தைப் பார்க்க வேண்டும் அம்மா. யார் பணம் கொடுத்து அச்சிட்டது என்று அங்கேதான் இருக்கும். அந்தச் சனிக்கிழமை வந்த பதினொன்றில் நான்கில்தான் கட்சியின் பெயரோ வேட்பாளரின் பெயரோ இருந்தது. மற்ற ஏழில் இருந்தவை நான் அதுவரை கேள்விப்பட்டிராத அமைப்புகளின் பெயர்கள்.