பதில்: கிளினிக் பழசா இருக்கு, டாக்டரை மாத்தலாமா?

பெரம்பூர்ல அம்மாவுக்கு சுகர் பார்க்குற டாக்டர்கிட்ட ஏசி கூட இல்ல, பிளாஸ்டிக் சேர்தான், மாத்திடலாமான்னு கேட்டிருக்கீங்க சகோ. அவசரப்படாதீங்க. செருப்பைக் கழட்டச் சொல்லி, விரலிடுக்கு வரைக்கும் அம்மா பாதத்தைப் பார்க்குறாரா? மூணு மாச சுகர் சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி ரத்த டெஸ்ட் எழுதித் தர்றாரா? வருஷத்துக்கு ஒருதரம் கண்ணுக்கும், கிட்னிக்கு யூரின் டெஸ்டுக்கும் அனுப்புறாரா? அதைக் கவனிங்க.

எங்கப்பாவைக் கண்ணாடிக் கதவு போட்ட இடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். ரிப்போர்ட்டைப் புரட்டினாங்க, குதிகால் புண்ணை யாரும் பார்க்கல. கடைசியில தெருமுனை டாக்டர்தான் கீழ உட்கார்ந்து டார்ச் அடிச்சுப் பார்த்தார். நம்ம வண்ணாரப்பேட்டையில, 2018-ல இறந்த 5 ரூபாய் டாக்டர் ஜெயச்சந்திரன்கிட்ட ஜனங்க ஏசிக்காகவா போனாங்க?

பாதமே பார்க்கலைன்னா, தாராளமா மாத்துங்க.