ஸ்பிட்டி: மணாலி வழியாக ஏறாதீர்கள்

செப்டம்பர் கடைசியில் 62 வயது அம்மாவுடன் ஏழு நாள் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கு, மணாலியிலிருந்து முதல் நாளே அங்குள்ள முக்கிய ஊரான காசா போய்விட்டு கின்னௌர் மாவட்டம் வழியாக இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாதை அதேதான், திசையை மட்டும் மாற்றுங்கள். மணாலி இருப்பது சுமார் 2,000 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து ஒரே நாளில் 4,500 மீட்டருக்கும் மேலான குன்சும் கணவாயைத் தாண்டி, 3,600 மீட்டருக்கு மேல் இருக்கும் காசாவில் படுத்தால் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வர வாய்ப்பு அதிகம். அம்மாவை வைத்துக்கொண்டு அந்த ரிஸ்க் வேண்டவே வேண்டாம்.

சிம்லாவிலிருந்து தொடங்குங்கள். முதல் இரவு சராஹன். அடுத்தது சாங்லா, அங்கிருந்து சித்குல் போய்வரலாம். மூன்றாவது கல்பா. அங்கே அவசரப்படாதீர்கள்; தேவதாரு மரங்களுக்கு மேலே கின்னர் கைலாச மலையில் விடியும் வெளிச்சத்தை அம்மா நிதானமாகப் பார்க்கட்டும். உள்ளூர்க்காரர்களிடம் சில்கோசா வாங்கிச் சாப்பிடுங்கள், அந்தக் காட்டுப் பைன் மரத்தின் விதைதான் அது. பூ என்ற ஊரைத் தாண்டினால் காடு மறைந்து வெறும் மண்மலைதான். நான்காவது இரவு தாபோ. 996இல் கட்டிய மண் மடாலயம், உள்ளே சுவரோவியங்கள். இருட்டாக இருக்கும், கண் பழகும்வரை நில்லுங்கள். அப்புறம் காசாவில் இரண்டு இரவு.

ஏழாம் நாள் விடிகாலையிலேயே குன்சும் வழியாக மணாலி. லோசர் கிராமத்துக்கு அப்புறம் பாதை மிக மோசம், உயரமான வண்டி நல்லது. காசாவில் டேங்க்கை நிரப்பிவிடுங்கள். முந்தின இரவு பனி பெய்தால் வந்த வழியே திரும்புங்கள். அதற்காக இரண்டு நாள் கையில் இருக்கட்டும். கிளம்பும் முன் அம்மாவை மருத்துவரிடம் காட்டி, உயரத்துக்கான மாத்திரை பற்றிக் கேளுங்கள்.