பங்குனி முடிந்தது, பறவைகளும் போய்விட்டனவா?

மார்கழி, தை வந்தால் நம் இதழின் பறவைப் பக்கத்துக்குக் கடிதங்கள் குவியும், பூநாரை பார்த்தேன், கூழைக்கடா பார்த்தேன் என்று. பங்குனி பிறந்ததும் சத்தமே இருக்காது, எல்லோரும் பைனாகுலரைத் துடைத்து பீரோவில் வைத்துவிடுவார்கள் போல. அதனால்தான் கோவளத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் உள்ள கடற்கரைக்காரர்களிடம், பங்குனி, சித்திரையில் கண்ணில் பட்டதை எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்தவற்றில் சில இங்கே.

முட்டுக்காட்டில் தண்ணீர் வற்றிய சேற்றில், ஏப்ரல் முதல் வாரம், செங்கல் நிறத்தில் ஒரு பறவையைப் பார்த்தேன். கூடவே முப்பது நாற்பது சாம்பல் நிறப் பறவைகள். அரிய பறவையா? நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். படம் இணைத்துள்ளேன். (வாசகர், கோவளம்)

நம்பச் சொல்லுங்கள். ஆனால் அரியது இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: கால் கறுப்பு, மூக்கு நீளம், நுனி மெல்லக் கீழே வளைகிறது. வளைமூக்கு உள்ளான், ஆங்கிலத்தில் கர்லூ சாண்ட்பைப்பர் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் அதன் பக்கத்தில் நிற்கும் சாம்பல் நிறக் கூட்டத்தில் பெரும்பாலானவையும் அதேதான். டிசம்பரில் நீங்கள் இதே சேற்றில் இவற்றைப் பார்த்திருப்பீர்கள், "ஏதோ உள்ளான்" என்று கடந்து போயிருப்பீர்கள், நானும் பல வருடம் அப்படித்தான் போனேன்.

உங்கள் படத்தில் இடது ஓரம் நிற்கிறதே, அதைப் பாருங்கள். நெஞ்சில் நாலைந்து சிவப்புத் திட்டு, முதுகில் பாதி பழைய சாம்பல் இறகு, பாதி புது இறகு. வெள்ளையடிக்க வந்த ஆள் பாதியில் சாப்பிடப் போன சுவர் மாதிரி இருக்கிறது. இந்த அரைகுறை வேஷத்தை மார்ச், ஏப்ரலில்தான் பார்க்க முடியும். முழுச் சிவப்பானதும் கிளம்பிவிடும். அது முட்டையிடும் இடம் ஆர்க்டிக் சைபீரியாவில், டைமிர் தீபகற்பம் போன்ற மரமே இல்லாத நிலங்களில்.

சிவப்பு என்றாலே வளைமூக்கு உள்ளான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கருவால் மூக்கனும் இந்தச் சமயத்தில் சிவக்கும். ஆனால் அது உயரமான பறவை, மூக்கு நேராக நீண்டிருக்கும், மூக்கின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாகத் தெரியும். மணல் உப்புக்கொத்திகளுக்கு நெஞ்சில் மட்டும் ஆரஞ்சுப் பட்டை வரும். பொன்னிற உப்புக்கொத்திக்கு வயிறு கறுக்கத் தொடங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னைப் பக்கம் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், நமக்கு அது உறைக்கவே உறைக்காது. பறவையின் உடம்புக்கு, அதற்குள் ஓடும் வருடக் கணக்கும் சேர்ந்து, அந்தச் சின்ன மாற்றமே போதுமானதாக இருக்கிறது. இறகு மாறுகிறது, பசி கூடுகிறது, கொழுப்பு சேர்கிறது. அந்தக் கொழுப்புதான் வழிச்செலவுக்குப் பணம். படத்துக்காகக் கூட்டத்தை நாலு தடவை பறக்க விடுகிறவர்களும், நாயை அவிழ்த்துவிடுகிறவர்களும் அந்தப் பணத்தில்தான் கை வைக்கிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளை உப்பளத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். நெடுங்கால் உள்ளான் ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது, இன்னொன்று இறக்கையை இழுத்துக்கொண்டு வரப்பில் தடுமாறியது. பிடித்து வைத்தியம் பார்க்கலாம் என்று பின்னால் போனோம், பறந்துவிட்டது. அடிபட்டதா இல்லையா? (ஆசிரியை, செய்யூர்)

அடி ஒன்றும் இல்லை, நடிப்பு. நீங்கள் முட்டைக்குப் பக்கத்தில் போய்விட்டீர்கள். "நான் நொண்டி, என்னைப் பிடி" என்று காட்டி உங்களைத் தள்ளி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, போதுமான தூரம் போனதும் எழும்பிவிட்டது. நரியையும் நாயையும் ஏமாற்றும் வித்தை, ஆசிரியையும் ஏமாந்துவிட்டார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெடுங்கால் உள்ளான் பாத்திகளுக்கு நடுவில் இருக்கும் வரப்பிலோ தண்ணீரை ஒட்டிய மேட்டிலோ முட்டையிடும். பொதுவாக நாலு, கூர் முனை உள்பக்கம் பார்த்தபடி, மண் நிறத்தில் கறுப்புப் புள்ளிகளோடு. கால் வைக்கும் வரை தெரியாது. எனக்குத் தெரியவில்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். சில வருடம் முன்பு ஒரு சித்திரை மாதக் காலையில் ஒரு வரப்பில் டிரைபாடை ஊன்றிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ஒரே கூச்சல். எவ்வளவு அழகாகக் கத்துகிறது என்று ரசித்துக்கொண்டே இரண்டு இட்லி போனது. மூன்றாவதுக்குச் சட்னி தொடும்போதுதான் டிரைபாட் காலுக்கு ஒரு சாண் தள்ளி நாலு முட்டையும் கண்ணில் பட்டன. அப்புறம் எழுந்து ஓடிய ஓட்டத்தை யாரும் படம் எடுக்கவில்லை.

சித்திரை வெயிலில் முட்டைக்குச் சூடு போதாமல் இல்லை, அதிகமாகிவிடுவதுதான் ஆபத்து. பறவை நடுப்பகலில் உட்காருவது பெரும்பாலும் நிழல் கொடுக்க. வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவதையும் பார்க்கலாம், ஆள்காட்டியும் இதைச் செய்யும். நாம் அரைமணி நேரம் பக்கத்தில் நின்றால் அவ்வளவு நேரமும் முட்டை வெறும் வெயிலில் கிடக்கிறது. பறவை கத்தினால், அல்லது நொண்டினால், வந்த வழியே, அதே காலடியில், திரும்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அந்த நடிப்பைப் பார்த்ததே பெரிய பாடம், முட்டையைக் காட்ட வேண்டியதில்லை.

நான் உப்பு வாரும் வேலை செய்கிறேன். சின்ன உப்புக்கொத்தி ஒன்று வருடம் முழுக்க அளத்தில் இருக்கிறது, மே மாதம் குஞ்சும் பார்க்கிறேன். பறவை பார்க்க வந்த ஒரு தம்பி, அது குளிர்காலத்தில் மட்டும் வரும் கென்டிஷ் உப்புக்கொத்தி, புத்தகத்தில் இருக்கிறது என்கிறான். யார் சொல்வது சரி? (மரக்காணம்)

அண்ணா, நீங்கள் சொல்வது சரி. தம்பி சொன்னதும் பாதி சரி. கென்டிஷ் உப்புக்கொத்தி குளிர்காலத்துக்கு வந்துவிட்டுப் போகிறது, உண்மைதான். ஆனால் தென்னிந்தியக் கரையிலும் இலங்கையிலும் இங்கேயே தங்கிக் குஞ்சு பொரிக்கும் ஒரு சின்ன உப்புக்கொத்தி இருக்கிறது. நெடுங்காலமாக அதைக் கென்டிஷின் ஒரு வகை என்றே எழுதி வந்தார்கள். 2023இல் மரபணு, உடலளவு போன்றவற்றை ஒப்பிட்டு இது தனி இனம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். வைத்த பெயர் அனுமன் உப்புக்கொத்தி, ராமர் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்வதால். கென்டிஷைவிடச் சிறகும் மூக்கும் கொஞ்சம் குட்டை. ஜனவரியில் இரண்டும் ஒரே பாத்தி ஓரத்தில் ஓடினால் பிரித்துச் சொல்ல எனக்கே வியர்க்கும். மே மாதம் குஞ்சோடு ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தவர்களுக்கு இது உப்பளத்துப் பறவை என்று தெரிந்திருக்கிறது, புத்தகத்துக்குத்தான் வந்து சேரத் தாமதம். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: குஞ்சைப் பார்த்த தேதியையும் எத்தனை என்பதையும் மட்டும் ஒரு காலண்டரில் எழுதி வையுங்கள். வருடம் பூராவும் அந்த வரப்பில் நிற்பவர் நீங்கள், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவர்கள்.

ஒடியூர் ஏரியில் மே மாதமும் பத்துப் பன்னிரண்டு பூநாரைகள் இருக்கின்றன, அழுக்கு வெள்ளையாக. நோயா? (புதுச்சேரி)

இல்லை. இளசுகள். முழு இளஞ்சிவப்பு வர மூன்று நாலு வருடம் ஆகும். முட்டையிடும் வயது வராததால் குஜராத்தின் கட்ச் பக்கம் போக அவசரமில்லை. உள்ளான்களிலும் முதல் வருடக் குஞ்சுகள் சில இப்படி ஊருக்குப் போகாமல் இங்கேயே கோடையைக் கழிக்கும்.

சாயங்காலம் ஆனால் எங்கள் தெரு ஆலமரத்தில் ரோஜா நிறச் சூறைக்குருவிகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். ஏப்ரலில் ஒரு நாள் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. மரத்தில் யாராவது மருந்து அடித்துவிட்டார்களோ? (கல்பாக்கம்)

பயப்படாதீர்கள், ஊருக்குப் போய்விட்டன. மத்திய ஆசியப் புல்வெளிகளில், கல்லிடுக்குகளில், கூட்டம் கூட்டமாகக் கூடு வைக்கும். வெட்டுக்கிளி அதிகம் உள்ள இடமாகப் பார்த்து வைக்கும். சீனாவின் சின்ஜியாங்கில் வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்த இவற்றை வரவேற்று, கல்லடுக்கிக் கூடு கட்ட இடமே செய்து கொடுக்கிறார்கள். இங்கே நம் காரின்மேல் எச்சம் போடுவதாகத் திட்டு வாங்கும் அதே குருவிதான்.

பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் ஆப் சொல்வதை நம்பலாமா? (பெசன்ட் நகர்)

ஜோசியரைக் கேட்பது மாதிரி கேட்டுக்கொள்ளுங்கள், முடிவை நீங்களே எடுங்கள். தோட்டத்துப் பறவைகளில் நன்றாகவே சொல்கிறது. அலைச் சத்தத்துக்கு நடுவில் உள்ளான் குரலைக் கேட்டு அது சொல்லும் பெயரைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

ஒரு பறவையின் காலில் நிறக்கொடி மாதிரி இருந்தது. யாரிடம் சொல்வது? (வாசகி, கோவளம்)

பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்கு எழுதுங்கள், எங்கே போகிறது, வருகிறது என்று அறிய, கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு வருபவர்கள் அவர்கள். வேறு நாட்டில் கட்டியதாக இருந்தாலும் அவர்கள் வழி காட்டுவார்கள். எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, எந்த நிறம், இரண்டு இருந்தால் எது மேலே, எழுத்து ஏதாவது தெரிந்ததா, இவ்வளவும் வேண்டும். "கலராக ஏதோ இருந்தது" என்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏப்ரலில் மூன்று தடவை கழுவேலி ஈரநிலத்துக்குப் போனேன். முதல் இரண்டு தடவை ஊசிவால் வாத்து இருந்தது. மூன்றாவது தடவை வாத்து ஒன்றுகூட இல்லை. பெட்ரோல்தான் வீண். மே மாதம் போவதில் அர்த்தம் உண்டா? (திண்டிவனம்)

வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். மூன்றாவது பயணம் வீண் இல்லை. முதல் இரண்டில் ஊசிவால் வாத்து இருந்தது, மூன்றாவதில் இல்லை என்றால், இரண்டாவது பயணத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அவை போயிருக்கின்றன. மூன்றாவது தடவை நீங்கள் போகாமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. கழுவேலி 2021இல் சரணாலயம் ஆயிற்று, 2024இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலோர் பறவை வந்த தேதியைக் குறிக்கும் அளவுக்குப் போன தேதியைக் குறிப்பதில்லை. என் சொந்த நோட்டையே எடுத்துப் பார்த்தேன். தகைவிலான் முதலில் தென்பட்ட நாள் ஒவ்வொரு வருடமும் மையில், அடிக்கோடு வேறு. கடைசியாகப் பார்த்த நாள் என்ற கட்டத்தில் பென்சிலில் "ஏப்ரல்?" என்று இருக்கிறது, நாலு வருடத்துக்கும் அதே கேள்விக்குறி. வரும்போது கொண்டாடுகிறோம், போகிற அன்று அதுதான் கடைசி நாள் என்று நமக்குத் தெரிவதில்லை. அடுத்த தடவை போய் வெறுங்கையோடு திரும்பினால்தான் தெரியும்.

அதனால் மே முதல் இரண்டு ஞாயிறும் போங்கள். ஆறு மணிக்கு அங்கே இருங்கள், எட்டரைக்குத் திரும்பிவிடுங்கள், அதற்குமேல் கானல் எழும்பி பைனாகுலரில் எல்லாப் பறவையும் தண்ணீருக்குள் ஆடுவது மாதிரிதான் தெரியும். மீசை ஆலாக்கள் இன்னும் இருந்தால் அவற்றின் தலை கறுத்து வயிறு இருண்டிருக்கும், அதையும் பார்த்துவிடலாம். எதுவுமே இல்லை என்றால் இடம், தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பிறகு "வாத்து: 0" என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.