உள்ளே கற்ற தொழில், வெளியே தேடும் வேலை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், சிறையிலிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதித் தேறியவர்களைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் எழுதும்போது, “அவர்கள் விடுதலையான பிறகு எங்கே படிப்பார்கள், எங்கே வேலை செய்வார்கள் என்பதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டிருந்தேன். அந்த ஒரு வரியைத் தொட்டே நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவர்களையும் சிறையிலிருந்து மீண்டவர்களையும் கண்காணித்து உதவும் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

என் தம்பி திருச்சி மத்திய சிறையில் இருக்கிறான். இன்னும் ஐந்து மாதத்தில் தண்டனை முடிகிறது. உள்ளேயே ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துத் தேறிவிட்டான். வந்தவுடன் வேலைக்கு எங்கே போய்க் கேட்பது?
– வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

ஐந்து மாதத்துக்கு முன்பே கேட்டீர்களே, அதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் அம்மா. பெரும்பாலான குடும்பங்கள் ஆள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆன பிறகுதான், கையில் காசில்லாமல் கலங்கிப்போய்க் கேட்கும். நெல்சன் மண்டேலா விதிகள் என்று வழங்கும் 2015-ஆம் ஆண்டின் ஐ.நா. விதிகளில் 107-ஆம் விதி, ஒருவர் தண்டனை அனுபவிக்கத் தொடங்கும் நாளிலிருந்தே அவருடைய விடுதலைக்குப் பிந்தைய வாழ்வைப் பற்றி எண்ண வேண்டும் என்கிறது. அதை வைத்துப் பார்த்தால் ஐந்து மாதம் குறைவுதான், ஆனாலும் போதும்.

முதலில் தாள்களைச் சரிபாருங்கள். அடுத்த முறை மனுப் போட்டுப் பார்க்கப் போகும்போது, ஐ.டி.ஐ. தேறியதற்கான தேசியத் தொழிற்பயிற்சிச் சான்றிதழில் தம்பியின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். நான் பணியில் இருந்தபோது, நன்றாக வெல்டிங் தெரிந்த ஓர் இளைஞர், சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருந்ததைத் திருத்துவதற்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு மாதம் நடந்தார். அதற்குள் அவருக்காகப் பேசி வைத்திருந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அந்தத் திருத்தத்தை அவர் உள்ளே இருக்கும்போதே நான் கேட்டு முடித்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அடுத்தது ஆதாரோடு இணைத்த கைபேசி எண். பணம் கட்டாமல் விட்ட எண்ணை நிறுவனம் வேறு யாருக்காவது கொடுத்திருக்கும். ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவு எண் அந்தப் புதியவருக்குப் போகுமே தவிர உங்கள் தம்பிக்கு வராது. அது வராவிட்டால் இன்றைக்குப் பயிற்சிப் பதிவும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. இரண்டாண்டுக்கு மேல் எடுப்பதும் போடுவதும் இல்லாத வங்கிக் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும் என்பதால், அதையும் உயிர்ப்பிக்க வேண்டும். இவற்றுக்கு ஆள் நேரில் வர வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் சாதாரண விடுப்புக்கான காரணங்களில் ஒன்றாகவே, விடுதலைக்குப் பிந்தைய பிழைப்புக்கு ஏற்பாடு செய்துகொள்வதும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. தம்பிக்கு விடுப்புக்குரிய தகுதி இருந்தால், அந்தக் காரணத்தையே எழுதி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மகள் திருமணத்துக்கும் வீட்டைப் பழுது பார்ப்பதற்கும் விடுப்புக் கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை தேடுவதற்கென்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

வேலையைப் பொறுத்தவரை, நேரே தொழிற்சாலை வாசலுக்குப் போவதைவிடத் தொழில் பழகுநர் பயிற்சி வழியாக நுழைவது நல்லது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, ஐ.டி.ஐ. முடித்தவர் ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு பயிற்சி பெற்று, அதற்கென்று தனிச் சான்றிதழும் பெறலாம். அதன் பிறகு அவரிடம் வெளியே ஒரு நிறுவனம் கொடுத்த தாளும் இருக்கும். அடுத்த முதலாளி முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் ஊரிலிருந்து திருச்சியை அடுத்த துவாக்குடிப் பக்கம் போய்வரலாம் என்றால், அங்கே உள்ள பட்டறைகளில் ஃபிட்டருக்கு வேலை உண்டு. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள். கூடவே, சிறையில் உள்ள நல அலுவலரையும் உங்கள் மாவட்ட நன்னடத்தை அலுவலரையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சிறை மீண்டோர் நலச் சங்கத்தின் உதவிக்கு விண்ணப்பிக்க இவர்கள்தான் வழிகாட்டுவார்கள். இந்த இருவரும் ஒருவரோடொருவர் ஒருமுறையாவது தொலைபேசியில் பேசும்படி செய்துவிட்டீர்களானால் பாதி வேலை முடிந்தது.

சிறைத் துறை பெட்ரோல் பங்க் நடத்துகிறது, ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் அங்காடி நடத்துகிறது, நூலகத்துக்குப் புத்தகம் திரட்டுகிறது. இதற்கு மேல் என்ன குறை காண்கிறீர்கள்?
– வாசகர், சென்னை

குறை காண்பது என் நோக்கமில்லை. புழலில் 2023-ஆம் ஆண்டு பெண் சிறைவாசிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறக்கப்பட்டபோது மனம் நிறைந்தவர்களில் நானும் ஒருவன். அதே ஆண்டு சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் சிறை நூலகங்களுக்குப் புத்தகம் திரட்டிய அரங்குக்கு நானும் ஒரு கட்டுப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான் கவலைப்படுவது சிறை வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றி. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். வேலூர் மத்திய சிறையில் காலணி செய்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில் நடக்கும் வட்டாரத்தில் அது மிகப் பொருத்தமான பயிற்சி. ஆனால் அங்கே இருப்பவர்கள் எல்லாரும் அந்த வட்டாரத்துக்காரர்கள் இல்லை. காலணி தைக்கக் கற்றுக்கொண்ட ஒருவர், விடுதலையாகி ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்துக்குத் திரும்பினால், அந்தக் கைத்திறனை எங்கே விற்பார்? அவருக்குக் குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பதோ படகு எஞ்சின் வேலையோ கற்றுக்கொடுத்திருந்தால் ஊரிலேயே நாலு பேர் தேடி வருவார்கள். சிறையில் எந்த இயந்திரம் இருக்கிறதோ அதுவே பயிற்சியாகிவிடுகிறது. திரும்பிப் போகப்போகும் ஊரில் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வியிலிருந்து பயிற்சி தொடங்குவதில்லை.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. தண்டனை முடிய ஓராண்டு இருக்கும்போது, அவர் திரும்பிப் போகும் மாவட்டத்தின் பெயரை எழுதி, அந்த மாவட்டத்து வேலைவாய்ப்பு மையத்துக்கும், முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துக்கும், நன்னடத்தை அலுவலருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் போதும். இந்த அலுவலகங்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றில் வேலை செய்பவர்களும் பெரும்பாலும் நல்லவர்களே. ஆனால் ஒருவர் விடுதலையாகப்போகிறார் என்ற செய்தி அவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை.

படிப்புக்கும் பிழைப்புக்கும் உள்ள தொடர்பையும் இங்கே சொல்ல வேண்டும். வேலையில்லா இளைஞர்களுக்கான அரசின் மானியக் கடன் திட்டத்தில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திலும், திட்டச் செலவு உற்பத்தித் தொழிலுக்கு 10 லட்சம், சேவைத் தொழிலுக்கு 5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அதே தகுதி வேண்டும். ஆகவே, தையல் கற்றுக்கொள்ளும் ஒருவரை, கையோடு தனித்தேர்வராக எட்டாம் வகுப்பும் எழுத வைத்துவிட்டால் அவருக்கு வங்கியின் கதவு திறக்கும். கல்விக்கு ஒருவர், தொழிலுக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பட்டியல் போடும்போது, இந்த இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து அமைவது தற்செயலாகிவிடுகிறது.

என் மகன் பதினான்கு மாதம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டுப் பிணையில் வந்திருக்கிறான். உள்ளே அவனுக்கு எந்தப் பயிற்சியும் தரவில்லை. இப்போது தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் வேலைக்கும் போக முடியவில்லை.
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

உங்கள் மகனைப் போன்றவர்களே எண்ணிக்கையில் மிகுதி. 2022-ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம். சிறைத் தொழிற்கூடங்களோ தண்டனை பெற்றவர்களை மனத்தில் வைத்து அமைந்தவை. எப்போது பிணை கிடைக்கும் என்று தெரியாத ஒருவரை ஓராண்டுப் பயிற்சியில் சேர்ப்பது கடினம் என்பது உண்மைதான். ஆனால் பதினான்கு மாதத்தில் இரண்டு வாரப் பயிற்சிகள் எத்தனையோ நடத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பதும் நியாயம்தான்.

கையெழுத்து நிபந்தனையை அப்படியே ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டாம். அதைத் தளர்த்தக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். வெறுமனே “வேலைக்குப் போக வேண்டும்” என்று எழுதுவதைவிட, இன்ன பயிற்சியில், இன்ன தேதியிலிருந்து, இத்தனை மணிக்கு வகுப்பு என்று பயிற்சி நிறுவனம் கொடுத்த சேர்க்கைக் கடிதத்தை இணைத்தால் மனுவுக்கு வலு கூடும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழிகாட்டுவார்கள். நான் மேலே சொன்ன ஊரகப் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். சேரும்போதே வாய்தா தேதிகளைப் பயிற்சியாளரிடம் சொல்லிவிடட்டும். சொல்லாமல் விடுப்பு எடுத்தால் பொறுப்பில்லாதவன் என்று நினைப்பார்கள். முன்கூட்டிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். நான் பார்த்தவரையில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

கோவையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சிறையிலிருந்து வந்த ஒருவரை வேலைக்கு எடுக்க விருப்பம். மற்ற தொழிலாளர்கள் என்ன சொல்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகர், கோவை

தயக்கம் இருக்கும்போதும் விருப்பத்தை எழுத முன்வந்தீர்களே, உங்களை வணங்குகிறேன் ஐயா. மற்றவர்களிடம் சொல்ல வேண்டுமா, எப்போது சொல்ல வேண்டும் என்பதை வேலைக்கு வருபவரே முடிவு செய்யட்டும். உங்களுக்கும் உங்கள் மேற்பார்வையாளருக்கும் தெரிந்தால் போதும். முதல் நாளே இயந்திரத்தில் நிறுத்தி, மற்றவர்களுக்கு வைக்கும் அதே சோதனையை இவருக்கும் வையுங்கள். கூலியையும் மற்றவர்களுக்குக் கொடுப்பதைப் போலவே கொடுங்கள். பரிவு காட்டுவதாக நினைத்து வேலையில் சலுகை தருவதும், சந்தேகத்தால் கூலியைக் குறைப்பதும் அவரைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிடும். முதல் மாதம் மட்டும் வாரக் கூலியாகக் கொடுங்கள். வாடகை, பேருந்துக் கட்டணம், காலைச் சாப்பாடு என்று எல்லாமே முதல் சம்பளத்துக்கு முன்பே வந்து நிற்பதால், திறமையானவர்கள்கூட மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆளைக் கண்டறிய மாவட்ட நன்னடத்தை அலுவலரைப் பாருங்கள்.

குற்றம் செய்யாத என் பிள்ளை பொறியியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறான். குற்றவாளிகளுக்கு ஏன் இவ்வளவு கரிசனம்?
– வாசகர், சேலம்

உங்கள் கோபத்தில் ஒரு தகப்பனின் வேதனை இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு வர வேண்டிய வேலையை எடுத்து யாருக்கும் தரச் சொல்லவில்லை. நீதிமன்றம் விதித்த தண்டனை முடிந்த பிறகு அந்த மனிதர் நம் தெருவுக்குத்தான் திரும்பி வருகிறார். அவருக்குக் கூலி கிடைத்தால் அவர் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். கிடைக்காவிட்டால், வாசலில் காத்துக்கொண்டிருக்கும் பழைய கூட்டாளிகள் அன்றே செலவுக்குப் பணம் கொடுப்பார்கள். இரண்டாவது முறை உள்ளே வந்தவர்களில் பலர் என்னிடம் சொன்ன காரணம் அதுவே. அடுத்த முறை பாதிக்கப்படுபவர் குற்றம் செய்யாத யாரோ ஒருவர் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சிறையில் இருந்தபோது இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர்ந்து முதலாண்டு முடித்தேன். விடுதலையான பிறகு தொடர முடியுமா? விண்ணப்பங்களில் வழக்கைப் பற்றிக் கேட்டால் மறைக்கலாமா?
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

தாராளமாகத் தொடரலாம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பை முடிக்க அங்கே ஆறு ஆண்டுவரை காலம் தருகிறார்கள் என்பதால், இடையில் விட்டுப்போன மாதங்களை எண்ணிச் சோர்ந்துவிடாதீர்கள். உங்கள் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, சிறைப் படிப்பு மையத்திலிருந்து வீட்டுக்கு அருகில் உள்ள மையத்துக்கு மாற்றக் கோரி மதுரை மண்டல மையத்துக்கு எழுதுங்கள். சிறைவாசி என்ற முறையில் உங்களுக்குக் கட்டண விலக்கு இருந்திருக்கும். இனி வரும் ஆண்டுகளுக்கான கட்டணத்தைப் பற்றியும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

மறைக்க வேண்டாம். கேட்காத இடத்தில் வலியப் போய்ச் சொல்லத் தேவையில்லை. கேட்ட இடத்தில் உண்மையை எழுதுங்கள். அவ்தார் சிங் வழக்கில் 2016-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஒருவர் வழக்கு விவரத்தை உண்மையாகத் தெரிவித்திருந்தாலும் அவரை எடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு என்றும், வேண்டுமென்றே மறைத்தால் அதுவே நீக்கத்துக்குக் காரணமாகலாம் என்றும் கூறியிருக்கிறது. வழக்கின் முடிவில் நீதிமன்றம் உங்களுக்குத் தண்டனை விதிக்காமல், 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்படி நன்னடத்தைப் பிணையில் விட்டிருந்தால், அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. அந்த ஆணையின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்திருங்கள்.

ஆறு ஆண்டுக்குப் பிறகு வெளியே வந்திருக்கிறேன். லாரி ஓட்டும் உரிமம் காலாவதியாகிவிட்டது. பள்ளிப் படிப்பும் இல்லை. மீண்டும் எடுக்க முடியுமா?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

முடியும். சரக்கு வாகன ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதி 2019-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதைக் காரணம் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு நீங்கள் மீண்டும் போக வேண்டியிருக்கும். பழைய உரிமத்தைத் தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு போங்கள். தேர்வுக்கு முன் தெரிந்த உரிமையாளர் ஒருவரிடம் கேட்டு, அவர் அமர்த்திய ஓட்டுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திறந்த வெளியில் சில நாள் பின்னோக்கி ஓட்டிப் பழகுங்கள். ஆறு ஆண்டு விட்ட கைக்கு முதலில் தடுமாறுவது அதுதான்.